அவசரம் என்று எழுதிய வக்கீல்

வக்கீல் வில்பிரட் சட்டைப் பொத்தானைப் போடும்போதே கோபப்பட ஆரம்பித்துவிடுகிறார். சலவைக்காரர் மூன்றாவது பொத்தானை உடைத்திருப்பார். உடைக்காத நாளில் கஞ்சி அதிகமாகியிருக்கும். "இது காலரா, தகரமா?" என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்பார். மேற்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கும் அவருடைய மனைவி யூனிஸ் பதில் சொல்வதில்லை. சொன்னால் அது வாதமாகிவிடும். வாதம் என்று வந்துவிட்டால் அவர் செங்கல்பட்டு ரயிலையே விட்டுவிடுவார் என்பது கல்யாணமான புதிதிலேயே யூனிஸுக்குத் தெரிந்துபோயிற்று.

பொத்தானுக்குப் பிறகு பேப்பர். சிவப்புப் பென்சிலோடு உட்காருவார். எழுத்துப் பிழைக்கு ஒரு சுழி, சர்க்கார் அறிவிப்புக்கு இரண்டு சுழி. புதிதாக எந்தத் திட்டம் வந்தாலும், "முதல்ல எதுக்குன்னு சொல்லு. அப்புறம் மாத்து" என்று பேப்பரோடு சண்டை போடுவார். ஊர்வலம் பிடிக்காது. கோஷம் பிடிக்காது. தெருவுக்குப் பெயர் மாற்றுவது அறவே பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழு பாட்டை இழுத்தால் முதல் வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அடுத்த சரணம் ஓட்டமாக ஓடும்.

ஆள் நெட்டை. மூக்கு சற்றே வளைந்தது. கோபம் அவருக்குக் காதில்தான் முதலில் தெரியும். காது மடல் சிவந்தால் எதிர்த்தரப்புச் சாட்சி தண்ணீர் கேட்பார் என்று செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு பேச்சு உண்டு. குமாஸ்தாவை நல்ல நேரத்தில் 'கேசவா' என்பார், கோபத்தில் 'மிஸ்டர் கேசவன்'. இருபது வருஷமாகத் தான் மிஸ்டர் கேசவனாகவே இருப்பதாக அந்தக் குமாஸ்தா சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

இந்தக் கோபம் ஒரு காலத்தில் ஊருக்கு உபயோகப்பட்டது. அறுபத்து நாலில் வண்டலூர்ப் பக்கம் கொஞ்சம் நிலத்தைச் சர்க்கார் ஏதோ கிடங்கு கட்டுவதற்காக எடுக்க வந்தது. எருமை வைத்துத் தயிர் விற்கும் செல்லியம்மாள் என்கிற விதவையின் துண்டு நிலமும் கிணறும் அதில் போக இருந்தன. ரைஸ் மில் முதலாளி அரிகிருஷ்ணனின் பெரிய தோப்பும் அதே வளையத்துக்குள் விழுந்தது. எல்லாருக்கும் சேர்த்து வில்பிரட் ஆஜரானார். நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டு விசாரிக்கவே இல்லை என்பதுதான் அவருடைய வாதம். சர்க்கார் தரப்பு 'பொதுக் காரியம், அவசரம்' என்றது. வில்பிரட்டின் காது சிவந்தது. "கேக்காம எடுத்தா அதுக்குப் பேரு அவசரம் இல்ல, திருட்டு. ராத்திரி வர்றவனும் அவசரமாத்தான் எடுத்துட்டுப் போறான்" என்றார். ஜட்ஜ் அவரைக் கண்டித்தார். ஆனால் தீர்ப்பு அவர் பக்கம்தான் வந்தது.

அன்று கோர்ட் வாசலில் செல்லியம்மாள் அவருடைய காலில் விழுந்தாள். "எழுந்திருங்க! சட்டம் உங்க பக்கம் இருந்தது, நான் வாயத் திறந்தேன், அவ்வளவுதான்" என்று அதற்கும் கத்தினார். மறுநாளிலிருந்து ஒரு சொம்புத் தயிர் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. காசு வாங்க மாட்டேன் என்றாள் அவள், காசு வாங்காவிட்டால் தயிர் வேண்டாம் என்றார் இவர். யூனிஸ் பாதிக் காசு என்று பேசி முடித்தார்.

அரிகிருஷ்ணனின் நன்றி வேறு மாதிரி வந்தது. சர்க்கார் சிறியதாக இருக்க வேண்டும், சொத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு கட்சிக்கு அவர் அந்த வட்டாரத் தலைவர். பணக்காரர் கட்சி என்று அதற்குப் பெயர். "சார், நீங்க கோர்ட்ல பேசுறத அப்படியே மைதானத்துல பேசுங்க. போதும்" என்றார். வில்பிரட்டுக்கு அந்தக் கொள்கை ஏற்கெனவே ரத்தத்தில் இருந்தது. இங்கிலாந்துப் பார்லிமெண்டின் பழைய விவாதங்களை மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கிப் படிக்கிறவர் அவர். சேர்ந்துவிட்டார்.

முதல் கூட்டத்தில் மைக்காரரிடம் சண்டை, தன்னைச் 'சிங்கமே' என்று வரவேற்றவரிடம் சண்டை, நடுவில் கைதட்டியவர்களிடமும் சண்டை. "வாக்கியம் முடியட்டும், அப்புறம் தட்டுங்க!" ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பம்மலிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் அவர் திட்டுவதைக் கேட்கவே சைக்கிளில் வந்தார்கள். ஒரு தேர்தலில் தோற்றார். எழுபதில் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் ஆனார். முதல் நாளே ஆபீஸ் கடிகாரம் ஸ்லோ என்று அதைக் கழற்றவைத்தார்.

அரிகிருஷ்ணன் தன் தோப்பை வெட்டி வீட்டுமனை போட்டது அதற்கு அடுத்த வருஷம். தன் பெயரிலேயே ஒரு நகர். ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையிலிருந்து அதற்குப் போக வழி இல்லை. வழி வேண்டுமானால் செல்லியம்மாளின் நிலத்தின் வழியாக வர வேண்டும். பொது ரோடு என்று யூனியன் தீர்மானம் போட்டு, அவசரம் என்று சேர்மன் சிபாரிசு செய்தால், நிலத்துக்காரியைக் கூப்பிட்டு விசாரிக்கத் தேவையில்லை.

"அடுத்த எலெக்‌ஷன்ல அசெம்பிளிக்கு உங்க பேருதான் சார். மெட்ராஸ்ல பேசி முடிச்சிட்டேன்" என்றார் அரிகிருஷ்ணன். தீர்மானத்தைப் பற்றிப் பேசிய அதே மூச்சில் சொன்னார், அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

அந்த வாரம் முழுவதும் குளியலறையிலிருந்து, "பாயிண்ட் ஆஃப் ஆர்டர், மிஸ்டர் ஸ்பீக்கர்!" என்று குரல் வந்ததை யூனிஸ் கேட்டார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தினுசாக. எல்லாத் தினுசிலும் கோபம் இருந்தது.

ரோடு ரோடுதானே, நாளைக்கு எல்லாரும் நடக்கப்போகிறவர்கள்தானே என்று அவர் தனக்குத்தானே வாதாடிக்கொண்டார். எதிர்வாதம் அவருக்கு நன்றாகத் தெரியும். அறுபத்து நாலில் அதைச் சொன்னவரே அவர்தான். கையெழுத்துப் போடும்போது பேனா சரியில்லை என்று கேசவனைத் திட்டினார். பேனா நன்றாகத்தான் எழுதியது. 'அவசரம்' என்ற சொல்லுக்குக் கீழே கோடுகூட அழுத்தமாக விழுந்தது.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், யூனியன் ஆபீஸில் வில்பிரட் அரிகிருஷ்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது செல்லியம்மாள் உள்ளே வந்தாள். கால் முழங்கால் வரைக்கும் செம்மண். அதுவரை வில்பிரட்டை 'ஐயா' என்று மட்டுமே அழைத்து வந்தவள்.

"இன்னா வக்கீலே, நல்லா கீறியா?"

"செல்லியம்மா, முதல்ல உக்காருங்க. மெதுவாப் பேசுங்க."

"உக்கார வரல நானு. அன்னிக்கு கோர்ட்ல இன்னா சொன்ன? கேக்காம எட்த்தா திருட்டுன்னு சொன்ன. நான் பின்னால நின்னு கேட்டுகினுதான இருந்தேன். இப்ப என்னிய யாரு கேட்டா?"

அரிகிருஷ்ணன் குறுக்கே வந்தார். "யம்மா, ரோடு வந்தா உனக்குந்தான் நல்லது. நெலத்துக்குப் பணம் குடுப்பாங்க."

"நீ சும்மா இருய்யா. உன்கிட்ட எனக்கு இன்னா பேச்சு? நீ எடுக்கறவன், அது உன் பொயப்பு. எடுக்க வுடமாட்டேன்னு சொன்னது இந்த ஆளு. அன்னிக்கு சர்க்காரு எட்த்தா திருட்டு, இன்னிக்கி நீ எட்த்தா ரோடா?"

வில்பிரட்டின் காது சிவந்தது. மேஜையைத் தட்டினார். "இது ஆபீஸ்! இதுக்குன்னு ரூல்ஸ் இருக்கு. குறை இருந்தா பெட்டிஷன் எழுதிக் குடுங்க."

"கெணத்த தூத்துட்டானுங்க. மாடு தண்ணிக்கு கத்திகினு கீது. உன் பெட்டிஷன கரைச்சு தொட்டில ஊத்தவா?"

"வெளியே போங்க!" என்று கத்தினார். பியூன் அவள் கையைப் பிடிக்கப் போனார். அவள் உதறிவிட்டுத் தானே போனாள். அழவில்லை. வாசலில் நின்று செம்மண் காலை ஆபீஸ் படியில் நன்றாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் யூனிஸ் காபியில் சர்க்கரை போட மறந்துவிட்டார். வில்பிரட் முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

யூனிஸுக்குப் பயமாகிவிட்டது. "உடம்புக்கு என்ன பண்ணுது? சர்க்கரை இல்லாத காபியக் குடிச்சிட்டு ஒண்ணுமே சொல்லலியே நீங்க?"

நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை, அசெம்பிளியையும் சேர்த்துத்தான்.

"அவங்க கேட்டதுல என்ன தப்பு?" என்றார் யூனிஸ்.

"தப்பு இல்ல. கோர்ட்ல நான் கேட்டிருந்தா இத விட நல்லாக் கேட்டிருக்க முடியாது."

"அப்போ அவங்கள ஏன் விரட்டினீங்க?"

வில்பிரட் காலி டம்ளரை எடுத்துப்போய்த் தானே கழுவினார். வாதத்தில் அவர் மனைவியிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. விடிந்ததும் தனியாக வண்டலூருக்குப் போய்க் கிணறு இருந்த இடத்தைப் பார்த்தார். மண்ணை மட்டம் செய்து மேலே சரளை போட்டிருந்தார்கள். எருமைகள் வெறும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தன. செல்லியம்மாள் எங்கிருந்தோ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தாள், அவரைத் தாண்டிப் போய் ஊற்றினாள், திரும்பிப் போனாள்.

அடுத்த யூனியன் கூட்டத்தில் தன் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும் என்று அவரே கொண்டுவந்தார். ஆதரிக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பார்வையாளர் பெஞ்சிலிருந்து அரிகிருஷ்ணன் நயமாக, "கோவத்துல பேசாதீங்க சார். அசெம்பிளி சீட்டு ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

"என் விலையைச் சபையில சத்தமாச் சொல்லாதீங்க!" என்று வில்பிரட் கத்தியது வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டது. "வெட்கமா இருக்கு. ரொம்பக் கம்மி விலை."

அவர் ராஜினாமா செய்யவில்லை. தானாகப் போனால் ஓடிப்போனதாக ஆகிவிடும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு இறக்கினார்கள். கட்சியிலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

நிலத்தைத் திரும்பக் கேட்டுச் செல்லியம்மாள் போட்ட வழக்கில் அவரே ஆஜராக முடியாது. உத்தரவில் இருப்பது அவருடைய கையெழுத்து. ஜெயவேலு என்ற இளம் வக்கீலைச் சம்மதிக்கவைத்துவிட்டு, வில்பிரட் சாட்சிக் கூண்டில் ஏறினார். பல வருஷமாக அந்தக் கூண்டில் இருந்தவர்களைக் குடைந்தெடுத்தவர் கூண்டில் நிற்பதைப் பார்க்கக் கோர்ட்டில் கூட்டம். எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பழைய சிநேகிதர். சந்தோஷமாக ஆரம்பித்தார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"அவசரம்னு எழுதினதும் நீங்கதானா?"

"நான்தான். கோடு போட்டதும் நான்தான்."

"அர்த்தம் தெரியாம எழுதிட்டீங்களோ?"

"இந்த ஜில்லாவுல அதோட அர்த்தம் என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க கிடையாது."

"அப்போ சரின்னு நினைச்சுத்தான் போட்டீங்க. பதவி போனதும் தப்பாயிடுச்சு. அப்படித்தானே?"

எல்லாரும் அவருடைய காதைப் பார்த்தார்கள். அது சிவக்கவில்லை. "இல்ல. போடும்போதே தப்புன்னு தெரியும். அவசரம் ரோட்டுக்கு இல்ல, எனக்கு. அசெம்பிளிக்குப் போற அவசரம். எழுதிக்குங்க, மை லார்டுக்கும் நல்லாக் கேக்கணும்."

சிநேகிதர் மேலே கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். அந்த வாக்குமூலம் மறுநாள் பேப்பரில் வந்தது. வில்பிரட் அதைப் படித்தார். அதிலிருந்த ஓர் எழுத்துப் பிழைக்குச் சுழி போட்டார். அரசியல் அதோடு முடிந்தது. தொழிலிலும் பாதி போயிற்று. சொந்தக் கையெழுத்தையே காட்டிக்கொடுத்தவர் தன்னிடம் வழக்கோடு வருகிறவரை எப்படிக் காப்பாற்றுவார் என்று பேசிக்கொண்டார்கள்.

செல்லியம்மாள் ஜெயித்தாள். நிலம் திரும்பி வந்தது. அரிகிருஷ்ணன் மேற்கே சுற்றி வேறு வழி போட்டுக்கொண்டார், அவருடைய மனைகள் விற்றுத்தான் போயின. தூர்த்த கிணற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். ஊற்று அகப்படவில்லை. தயிர்ச் சொம்பும் மேற்குத் தாம்பரத்துக்கு வருவதில்லை.

இப்போதும் அவர் அதே கொள்கைக்காரர்தான். சர்க்கார் சிறியதாக இருக்க வேண்டும், சட்டம் பெரியதாக இருக்க வேண்டும் என்று ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடம் சண்டை போடுகிறார். "உங்க கட்சிதானே சார் அது?" என்று யாராவது சொன்னால் காது சிவந்துவிடுகிறது. "கொள்கைய நான் வச்சிருக்கேன். அவங்க கிட்ட இருக்கிறது மில்லு!"

போன வாரம் காலை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தாம்பரம் மார்க்கெட்டில் தயிர் விற்றுவிட்டுக் காலிப் பானைக் கூடையோடு செல்லியம்மாள் அதே பெட்டியில் ஏறினாள். வேறு இடம் இல்லை. வில்பிரட் எழுந்து நின்றார். அவள் அவரைப் பார்த்தாள், காலியான இடத்தைப் பார்த்தாள். பிறகு கூடையை அதில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெருங்களத்தூர் போயிற்று. கூடை உட்கார்ந்து வந்தது, இருவரும் நின்றார்கள். வண்டலூரில் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அந்த இடத்தை நெருங்கி, "காலியா சார்?" என்றார்.

வில்பிரட் கையை நீட்டி மறித்தார். "ஆள் இருக்கு" என்று கத்திவிட்டு, செங்கல்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போனார்.