மர்பி டவுன் ஹெர்பர்ட்டின் கத்திரிக்காய்

பெங்களூர் மர்பி டவுனில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஹெர்பர்ட்டுக்கு நிலம் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பால்கனி. அதில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். இன்னொரு ஆளும் வந்தால் இருவரில் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். அதைத்தான் அவர் ‘தோட்டம்’ என்பார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார்.

அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் ஆயுசைக் கழித்தவர் அவர். அடுத்தவன் செய்த சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முத்திரை குத்துவதுதான் உத்தியோகம். ஒரு திருகாணியைக்கூடத் தன் கையால் செய்ததில்லை. ரிடையர் ஆன பிறகு ஒருநாள் காபி குடிக்கும்போது இது அவருக்கு உறைத்தது.

“நானா ஒண்ண உண்டாக்கியிருக்கேனா, நோரா?” என்று மனைவியைக் கேட்டார்.

“ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்களே!”

“அதுங்கள வளர்த்தது நீ. நான் ரிப்போர்ட் கார்டுல கையெழுத்துதானே போட்டேன்?”

நோராவுக்கு அதை மறுக்க மனம் வரவில்லை.

அவர்கள் சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை உண்டு. விளைச்சலில் முதற்பலனை ஆண்டவருக்குப் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் கோயில் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றது? ஆனால் பெங்களூரில் அப்பார்ட்மென்ட்டில் இருப்பவன் விளைச்சலுக்கு எங்கே போவான்? ஆகவே சபையார் அத்தனை பேரும் சனிக்கிழமை சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் அறுவடை செய்துவிட்டு வருவார்கள். மறுநாள் கொஞ்சமும் கூசாமல், “எங்க வீட்டுல காய்ச்சது” என்பார்கள். குளோரியா டீச்சர் ஒரு வருஷம் ஆப்பிளைக் கொண்டுவந்து வைத்து அப்படித்தான் சொன்னார். அதற்கும் ஆமென் போட்டார்கள், புண்ணியவான்கள்.

இந்தக் கூட்டத்தின் நடுவில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெர்பர்ட் எழுந்து நின்று, “இந்த வருஷம் நான் என் கையால விளைவிச்சதத்தான் கொண்டாருவேன்” என்று அறிவித்தார். நோராவின் அண்ணன் ஃபிராங்க்ளின்தான் சபைச் செயலாளர். ஏலம் விடுகிறவரும் அவரே. “சபாஷ் மாப்பிள்ளை!” என்று முதல் கைதட்டு அவருடையது. அந்தச் ‘சபாஷில்’ இருந்த கேலி ஹெர்பர்ட்டுக்குப் புரியாமல் இல்லை. வாயை விட்டாயிற்று, இனி என்ன செய்வது? ஒரு காயாவது காய்த்தே தீர வேண்டும்.

அன்றிலிருந்து வீட்டில் அடிப்பாகம் உள்ள எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போயிற்று. பெயின்ட் டப்பா போனது. பக்கெட் போனது. பழைய வாஷிங் மெஷினின் டிரம்மைக் கழற்றி, “பார்த்தியா, ஓட்டை போடுற வேலைகூட இல்ல” என்று பூரித்தார்.

“என் இட்லிப் பானை எங்க?” என்று நோரா ஒருநாள் அலறினாள்.

“புதினா இருக்குது அதுல.”

“அப்போ ராத்திரிக்கு இட்லி எதுல வேகும், உங்க தலையிலயா?”

கடைசியில் எல்லா நம்பிக்கையும் ஒரு குட்டைக் கத்திரிச் செடியின் மேல் வந்து நின்றது. தொட்டிக்கென்றே உள்ள ரகம். முழங்கால் உயரத்துக்கு மேல் போகாது. பூத்தது. பூத்து, உதிர்ந்தது. மறுபடி பூத்தது, மறுபடி உதிர்ந்தது. மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு மகராசன் சொன்னான்: மூன்றாவது மாடிக்கு வண்டு வராது, காம்பை அதிரவைத்தால் மகரந்தம் கொட்டும் என்று. ஹெர்பர்ட் செல்போனை வைப்ரேஷனில் போட்டுக் காம்பில் ஒட்டிவைத்துக்கொண்டு, “நோரா, மிஸ்டு கால் குடு!” என்று கத்துவார். அவள் அடுப்படியிலிருந்து கொடுப்பாள். “இன்னொண்ணு!” அதையும் கொடுப்பாள். ஊரில் வண்டு சும்மா செய்கிற வேலைக்கு இந்த வீட்டில் இரண்டு சீனியர் சிட்டிசன்கள்!

ஆனால் பலித்தது. ஒரே ஒரு காய். எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிது, கொஞ்சம் கோணல். ஹெர்பர்ட் அதைத் தொடக்கூடப் பயந்தார். பண்டிகையன்று காலையில் பறித்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்குக் கண் கலங்கியது.

ஏலம் ஆரம்பித்தது. ஆளுயர வாழைத்தார்கள், தலையணை மாதிரி பூசணிகள். நடுவில் ஃபிராங்க்ளின் அந்தக் கத்திரிக்காயை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“ஏன் மாப்பிள்ளை, பெருசு எல்லாம் தீர்ந்துபோச்சா கடையில?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“கடை இல்ல மச்சான். நெஜமா என் பால்கனியில காய்ச்சது.”

“அட, எங்களுதும் அப்படித்தாங்க!” என்று குளோரியா டீச்சர் கண்ணடித்தார். மறுபடி சிரிப்பு. இத்தனை வருஷம் எல்லோரும் சொன்ன அதே வாக்கியத்தை ஹெர்பர்ட்டும் சொல்கிறார், எவன் நம்புவான்? அவமானத்தில் அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் காம்புக்குக் கீழிருந்து ஒரு புழு நிதானமாகத் தலையை நீட்டியது. “ஐயோ!” என்று ஃபிராங்க்ளின் காயை வீசியெறிந்தார். ஹெர்பர்ட் பாய்ந்து அதைப் பொறுக்கினார்.

“பாருங்க! நல்லா பாருங்க! மருந்தடிச்ச காயில புழு இருக்குமா? கடைக்காரன் புழுவோட விப்பானா? இது என்னுது! என்னுது!”

முன்வரிசையே எழுந்து வந்து புழுவை எட்டிப் பார்த்தது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள் போட்டி, பூசணிக்குக்கூட அப்படி ஏலம் கேட்டதில்லை. போதகர் ஜெபத்தில் ஹெர்பர்ட்டின் பெயரையே சொன்னார். குளோரியா டீச்சர், “ஆர்கானிக்னா இதுதாங்க ஆர்கானிக்!” என்று போவோர் வருவோரிடமெல்லாம் புழுவைப் புகழ்ந்தார். வீட்டுக்குப் போனதும் ஹெர்பர்ட் செடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வருஷம் அவர் உஷாராகிவிட்டார். வேப்பெண்ணெய் தெளித்து, செடிக்குக் கொசுவலை கட்டி, கண்ணில் வைத்துக் காப்பாற்றினார். ஆறேழு காய்கள், கண்ணாடியாக மின்னின. ஒரு கீறல், ஒரு புள்ளி கிடையாது.

பண்டிகைக்கு முந்தின நாள் இஞ்சி வாங்க மார்க்கெட்டுக்குப் போனார். அங்கே பார்த்தால் சபையே நிற்கிறது! குளோரியா டீச்சர் நல்ல காய்களையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, மாட்டுக்குப் போடுகிற கூடையில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். ஃபிராங்க்ளின் ஒரு கத்திரிக்காயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இதுல ஒரே ஒரு ஓட்டைதான் இருக்குது. ரெண்டு ஓட்டை உள்ளது குடுப்பா” என்று கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெர்பர்ட் இஞ்சி வாங்காமலே திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நோரா சேலை கட்டி முடித்து வெளியே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அந்தக் காய்கள் வரிசையாக இருந்தன. ஹெர்பர்ட் கோட் போட்டுக்கொண்டு, அவளுடைய கொண்டை ஊசியைக் கையில் பிடித்திருந்தார். இருப்பதிலேயே அழகான காயை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, காம்புக்குக் கீழே ஒரு குத்துக் குத்தினார்.

நிமிர்ந்து பார்த்தால் நோரா. அவருக்கு முகம் செத்துப்போயிற்று. ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

நோரா கிட்டே வந்து காயை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம் பெருசாக் குத்துங்க,” என்றாள். “அண்ணனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”