வெட்டிய பன்னிரண்டு நொடி

ஊருக்கு அவன் வாரண்டி. மேடையில் ஜோக் சொல்லிச் சிரிக்கவைப்பது தொழில்; போஸ்டரிலும் அந்தப் பட்டப்பெயரைத்தான் போடுவார்கள். ஆறு மாதமாக அவன் மேடை ஏறுவதில்லை. பேய் பிடித்துவிட்டது, மண்டை குழம்பிவிட்டது என்று ஆளாளுக்குக் கதை கட்டுகிறார்கள். எல்லாம் வாய்க்கு வந்தது. நடந்தது எனக்குத்தான் தெரியும். அவனுடைய பாட்காஸ்ட்டுக்கு ஒலித் தொகுப்பாளன் நான். அவன் பேசுவான், நான் வெட்டுவேன். பாதித் தப்பு என்னுடையதுதான்.

முதலில் அவன் ஒரு கம்பெனியில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தான். பகலெல்லாம் திட்டு வாங்குவான், சாயந்திரம் ஒரு காபிக்கடை மாடியில் மைக் பிடிப்பான். முதல் நிகழ்ச்சிக்கு மொத்தமே ஒன்பது பேர். அதில் ஒருத்தி அவன் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அந்த வருஷம்தான் விவாகரத்து வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். கால் மணி நேரம் பேசியும் ஒரு பயல் சிரிக்கவில்லை. வேறு வழி தெரியாமல் அவன் அக்காவைக் கையில் எடுத்தான்.

"என் அக்கா புருஷனை விட்டுட்டு வாஷிங் மெஷினை மட்டும் தூக்கிட்டு வந்தா. ஏன்க்கான்னு கேட்டேன். அதுக்குத்தான்டா இன்னும் ரெண்டு வருஷம் வாரண்டி இருக்குங்கறா."

முதலில் சிரித்தது அக்காதான். அவளுக்குச் சிரிப்பு குபீரென்று வரும். அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். பிழைப்பு அங்கே பிடித்துக்கொண்டது, பெயரும் அங்கேதான் ஒட்டியது. பிறகு அக்காவின் வக்கீல், அக்காவின் குறட்டை, அக்காவின் டயட் என்று காபிக்கடை மாடியிலிருந்து எண்ணூறு பேர் உட்காரும் அரங்கம் வரைக்கும் வந்துவிட்டான்.

பாட்காஸ்ட்டை அவன் படுக்கையறையில் பதிவு செய்வோம். ஜன்னலுக்குப் போர்வை, ஃபேனுக்கு ஓய்வு, மூன்று பேருக்கும் வியர்வை. அக்கா இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து கேட்பாள். முடிந்ததும் எல்லாரும் அரை நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். வெறும் அறையின் சத்தத்தைப் பிடிப்பதற்காக. இருமலையும் தும்மலையும் வெட்டிய இடத்தில் அந்த மௌனத்தை ஒட்டாவிட்டால், கேட்கிறவன் காதில் குழி விழுந்த மாதிரி இருக்கும்.

நாற்பதாவது பதிவில் கிடைத்த மௌனம் அருமையாக இருந்தது. திரையில் கோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் படுத்திருந்தது. கடைசிப் பன்னிரண்டு நொடியில் மட்டும் ஏதோ பேச்சு. என்னவென்றுகூடக் கேட்காமல் வெட்டினேன். மிச்சத்தைச் சேமித்து, அன்றிலிருந்து எல்லாப் பதிவுக்கும் அதையே ஒட்டினேன். சோம்பேறித்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே அக்கா மயங்கி விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவன் மறுபடி பேச ஆரம்பித்தான். மூன்று பதிவு வெளியானது. ஒரு நாள் காலையில் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டியபடி என் அறைக்கு வந்து நின்றான்.

"அண்ணே, என் பேச்சுக்கு நடுவுல யாரோ மூச்சு விடுறாங்க."

"உன் மூச்சுதான்டா. வேற யாரு?"

"இல்லண்ணே. அக்கா. அழுகையை அடக்குற மூச்சு."

தூக்கம் கெட்டவன் உளறுகிறான் என்று நினைத்தேன். அவன் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தேன். இருந்தது. இழுத்துப் பிடித்து, நடுங்கி நடுங்கி விடுகிற ஒரு மூச்சு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"நான் சொன்னதுக்கெல்லாம் அவ நிஜமாவே சிரிச்சாளா? இல்ல, உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டே இருந்தாளா? எனக்கு அது தெரியணும்ணே. தெரியாம இனிமே மேடை ஏற மாட்டேன்."

முந்தின வாரம் அரங்கத்தில் "என் அக்கா" என்று ஆரம்பித்தவன் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டான். ஜனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அவன் போன பிறகு மூன்று பதிவையும் திறந்து பார்த்தேன். மூச்சு கேட்ட இடமெல்லாம் நான் அந்த நாற்பதாவது பதிவின் மௌனத்தை ஒட்டுப்போட்ட இடம். சத்தம் போடாமல் வேறு மௌனத்தை மாற்றி ஒட்டியிருக்கலாம். இரண்டு நாள் அந்த யோசனையும் இருந்தது. மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"வெட்டின பன்னிரண்டு நொடி இருக்காண்ணே?"

மூலப் பதிவுகளை நான் அழிப்பதில்லை. இரண்டு பேரும் அந்த இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

வெட்டின இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே ஓடவிட்டேன். முதலில் அந்த மூச்சு. பிறகு குபீரென்று சிரிப்பு. "போதும்டா சாமி. நீ மூஞ்சிய அப்படி வெச்சிருந்தா நான் எப்படிடா சும்மா இருக்கறது."

அவனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சிரிப்பை அடக்கியிருக்காண்ணே. அழலை, அழலை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஆறு நொடி ஓடியது.

"லேப்ல என்னையும் வாரண்டின்னுதான்டா கூப்பிடறாங்க. அடுத்த வாரப் பேச்சுல என்னை விட்டுடேன்."

"சரிக்கா, சரிக்கா." அது அவன் குரல். புகார் போன் எடுக்கிறவன் சொல்லுகிற சரி.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தான். இப்படி ஒரு பேச்சு நடந்ததே அவனுக்கு ஞாபகம் இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"அடுத்த வாரம் நான் என்ன பேசினேன்ணே?"

நாற்பத்தொன்றாவது பதிவு. அவனை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். தலைப்பு வைத்ததே நான்.

"அக்காவைப் பத்திதான்."

"அவ இங்க இருந்தாளா?"

"இந்தக் கட்டில்லதான் இருந்தா."

"சிரிச்சாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"முதல்ல சிரிச்சதே அவதான்டா."