பிழைப் பதிவேட்டில் சவரிமுத்துவின் பெயர்

சென்ற திங்கட்கிழமை காலை, நம் தொழிற்சாலைப் பேருந்து பால்பண்ணை நிறுத்தத்தில் நின்றபோது சவரிமுத்து அங்கே இல்லை. அவருடைய மைத்துனர் நின்றிருந்தார். ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பாராமல் திரும்பி நடந்தார். ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை; என் பக்கம் திரும்பினார்.

"மேடம், சவரி சார் போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னிருக்காரு. ஆஸ்பத்திரி போய்ச் சேரலியாம்."

நாற்பத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமை மாலை இதே நிறுத்தத்தில் இறங்கும்போது என்னுடன் ஒரு வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் அவர்.

நம் தொழிற்சாலையின் இல்ல இதழைப் படிக்கும் பெரும்பாலோர் அவரை அறிவீர்கள். நம் கணினியில் டிஸ்க் என்னும் வட்டை இயக்கும் நிரலை எழுதியவர். உணவகத்தில் சாம்பாரைப் பற்றிப் புகார்ப் புத்தகத்தில் நகைச்சுவையாக எழுதுபவர். அவரைப் பற்றி நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அது என்னைப் பற்றியதும் ஆகும்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்லள். தட்டச்சில் உயர்நிலைத் தேர்ச்சியுடன் தரவுப் பதிவு மேசையில் சேர்ந்து, மூன்று ஆண்டுகள் உணவு இடைவேளைகளில் கையேடுகளைப் படித்து, நிரல் எழுதும் பிரிவுக்கு மாறியவள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்நாளும் கூச்சம் இருந்ததில்லை. பிரிவுக்கு வந்த முதல் மாதமே, அங்கிருந்த பொறியாளர் எவரும் பேசத் துணியாத ஒன்றை நான் பேசினேன். நம் இயக்க முறைமையின் கருவில், அதாவது கெர்னலில், எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் வரையறைகள் ஒரே ஹெடர் கோப்பில் குவிந்து கிடந்தன. வட்டுக்கு உரியது, அச்சுப்பொறிக்கு உரியது, டெர்மினல் என்னும் முனையத்துக்கு உரியது என்று எல்லாம் ஒரே குவியல். அதில் ஒரு வரியை மாற்றினால் கரு முழுவதையும் கணினி ஓட்டும் வடிவில் மறுபடி தொகுக்க வேண்டும்; காலைப் பலகாரத்துக்குத் தொடங்கினால் பிற்பகல் தேநீருக்கு முடியும். ஆகவே எவரும் பழையதைத் திருத்தவில்லை. புதியதைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போனார்கள்.

அந்தக் கோப்பை முழுவதுமாக அச்சிட்டு, நடைவழியில் நீளமாக விரித்து, சிவப்புப் பென்சிலுடன் அதன் மேல் முழந்தாளிட்டிருந்தேன். சவரிமுத்து வந்து நின்றார்.

"என்னங்க கோமதி, வடாம் காயப் போட்டிருக்கீங்களா?"

"இதைப் பதினாறு கோப்புகளாகப் பிரிக்கப் போகிறேன், சார்."

"ஓடுற மெஷினுங்க இது. உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?"

"ஓடவில்லை, சார். நொண்டுகிறது."

அவர் சிரித்துவிட்டுத் தாளின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உணவு மணி அடிக்கும் வரை எழவில்லை. ஒவ்வொரு வரிக்கும் என்னுடன் சண்டையிட்டார். பிரிவுத் தலைவரிடம் மட்டும், "செய்யட்டுங்க சார், அவங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் பேசுறாங்க" என்றார். தலைவர் இணங்கினார், ஒரு நிபந்தனையுடன். "கெட்டுப்போச்சுன்னா, கோமதி, பழையபடி டேட்டா என்ட்ரிதான். சரிதானே?" சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்?

முதல் ஐந்து கோப்புகளைப் பிரித்தேன். கரு பழுதின்றி எழுந்தது. இரண்டு நாள் எல்லோரும் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் முற்பகல், எல்லாப் பிரிவுகளும் ஒரே வேளையில் கணினியில் அமர்ந்தபோது, பண்டகசாலையின் உதிரிபாகப் பட்டியலுக்குள் பற்றவைப்புப் பிரிவின் வேலைத்தாள்கள் கலந்து வெளிவந்தன. ஒரு வார உழைப்பு பாழானது. அச்செய்தி கேட்டவர்கள் அனைவரும் முதலில் பார்த்தது என் மேசையைத்தான்.

அன்று மாலைக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தவர் சவரிமுத்து. வட்டிலிருந்து படிக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் கரு ஒரு சிறு படிவம் வைத்திருக்கிறது. இத்துண்டு யாரிடமாவது இருக்கிறதா, வட்டில் திருப்பி எழுத வேண்டியிருக்கிறதா என்ற இரு குறிப்புகள் அதில் உண்டு. அப்படிவத்தின் வரையறை பொதுக் கோப்பில் இருந்தது. ஆனால் முழுத் தொகுப்புக்குக் காத்திருக்கச் சலித்த சவரிமுத்து, எப்போதோ அதை நகலெடுத்துத் தம் நிரலுக்குள்ளேயே தனியாக வைத்துக்கொண்டிருந்தார். பொதுப் படிவத்தில் இப்போது அந்த இரு குறிப்புகளும் இடம் மாறியிருந்தன; அவருடைய நகலில் பழைய வரிசையே இருந்தது. ஒரே படிவத்தைக் கருவும் அவர் நிரலும் இரு விதமாகப் படித்தன; ஒருவரிடம் இருந்த துண்டு காலியென்று இன்னொருவருக்குப் போனது. கூட்டமில்லாத வேளையில் அது வெளியே தெரியவில்லை.

மறுநாள் கூட்டத்தில் தலைவர் என்னைத்தான் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் சவரிமுத்து எழுந்தார்.

"தப்பு என்னோடதுங்க. பொதுவுல ஒண்ணு இருக்கும்போது நான் தனியா ஒண்ணு வச்சிருந்தேன்."

"அப்ப இவங்க மேல ஒண்ணும் இல்லைங்கிறீங்களா?"

"அவங்க வேலை சுத்தமுங்க. எம்பேர்லயே எழுதிக்குங்க."

பிழைப் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டது. அவ்வாண்டு அவருக்கு வரவிருந்த முதுநிலைப் பதவி வேறொருவருக்குப் போனது. நான் என் இடத்திலேயே இருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து ஒன்றே ஒன்று சொன்னார். "இனிமே பொதுவுல யார் எதைத் தொட்டாலும், அதை யார் யார் உபயோகிக்கிறாங்களோ அவங்க டேபிளுக்கு எந்திரிச்சுப் போய் வாயால சொல்லணும். பேப்பர்ல எழுதி அனுப்புற கதையே வேணாம்." அன்றுமுதல் அதுவே நம் பிரிவின் வழக்கமாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள், 'இந்தப் பிரிவில் ஏன் எல்லோரும் உலாத்திக்கொண்டே இருக்கிறார்கள்' என்று கேட்பதுண்டு. காரணம் இதுதான்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு வைகுண்ட ஏகாதசி. நான் விடுப்பில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் இருந்தேன். கூட்டத்தின் காரணமாகப் பேருந்துகளைக் காவிரிப் பாலத்துக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார்கள். முற்பகல் பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் சவரிமுத்து வியர்த்து நின்றார். பாலத்தை நடந்தே கடந்து வந்திருக்கிறார்.

"முனையக் கோப்புல ஒரு வரி மாத்தப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஒரு வரிக்காகவா, சார்?"

"ரூல் போட்டவன் நானாச்சேங்க. அப்படியே கொஞ்சம் தண்ணி குடுங்க."

நீர் கொண்டுவந்தேன். அவர் பருகி முடித்தபோது, அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அந்த இரு குறிப்புகளை இடம் மாற்றியவள் நான்தான், கோப்பைப் பிரிப்பதற்கு அது தேவையே இல்லை, பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மாற்றினேன், எவரிடமும் சொல்லவில்லை, அன்று கூட்டத்திலும் சொல்லவில்லை என்றேன்.

"தெரியுங்க" என்றார். "புரோகிராம் லிஸ்டிங்கைப் பாத்த அன்னைக்கே தெரியும்."

"தெரிந்தும் ஏன் பழியை ஏற்றீர்கள்?"

"சொல்லியிருந்தா உங்களை டேட்டா என்ட்ரிக்கு அனுப்பியிருப்பாங்க. மீதிப் பதினோரு ஃபைலை யாரு பிரிக்கிறது? நானா? எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாதுங்க." டம்ளரைத் தந்துவிட்டு, "நான் காப்பி வச்சிருந்ததும் தப்புதானே. நான் ஒண்ணும் பொய் சொல்லல" என்றார்.

தலைவரிடம் சென்று உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம், முடிந்ததைக் கிளறாதீர்கள் என்று மறுத்துவிட்டார். அந்த வாதம் எங்களுக்குள் ஓயவே இல்லை. சென்ற வெள்ளிக்கிழமை அவர் பேருந்திலிருந்து இறங்கும்போது பாதியில் விட்டுப் போனதும் அதுதான்.

பதினாறு கோப்புகளும் இன்று பிரிக்கப்பட்டுவிட்டன. ஒரு வரியை மாற்றினால் கால் மணி நேரத்தில் தொகுப்பு முடிகிறது. அவ்வேலை என்னுடையது; அதன் தரத்தை எவர் முன்னும் நிலைநாட்ட என்னால் இயலும். ஆனால் அதைச் செய்து முடிக்க நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அவர் எனக்கு விட்டுத் தந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நாற்காலிதான். வேறு நினைவுப் பொருள் எனக்கு வேண்டியதில்லை.

இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லைக் கேளாதிருக்க முடிவு செய்துள்ளேன். அந்தப் பிழையில் பாதி என்னுடையது என்று பதிவேட்டைத் திருத்தக் கோரி, நேற்று பிரிவுத் தலைவரிடம் கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "இத்தனை வருஷம் கழிச்சு இது எதுக்கு, கோமதி?" என்று கேட்டார்.

"அவர் பெயர் இன்னும் அதில் தனியாக இருக்கிறது, சார்" என்றேன்.