வெறுங்கூட்டில் அடைகிடந்தவள்

தனுஷியா விரதம் பிடித்தது பக்தியில் என்றுதான் வெள்ளவத்தையில் அவள் குடியிருந்த ஒழுங்கைச் சனம் முழுக்க நம்பியது. நம்பிவிட்டுப் போகட்டும். வெள்ளிக்கிழமை என்று தொடங்கினாள், செவ்வாய் சேர்ந்தது, பிறகு சஷ்டி, சதுர்த்தி, பிரதோஷம், பறுவம் என்று கலண்டரில் இருந்த எந்த நாளையும் விட்டுவைக்கவில்லை. கடவுள் பாவம், அவருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. சட்டியில் இருந்த சோறு இரண்டு பேருக்குத்தான் காணும். வீட்டில் இருந்ததோ மூன்று பேர். பசிக்குது என்றால் வெட்கம், விரதம் என்றால் மரியாதை. எங்கட ஆட்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. காஸுக்கும் பால்மாவுக்கும் கொழும்பே வரிசையில் நின்ற வருஷம். தனுஷியாவின் புருஷன் ராகுலன் வேலை பார்த்த கார் விற்கும் கொம்பனி, இறக்குமதி நின்றதோடு கதவைச் சாத்திவிட்டது. அவள் சின்னப்பிள்ளைகளுக்குப் பாட்டும் நிறங்களும் சொல்லிக் கொடுத்த மொன்ரிசோரி கொரோனாவோடு மூடியதுதான், பிறகு திறக்கவேயில்லை. மூன்றாம் மாடி வீட்டில் அவர்கள் இரண்டு பேர், ராகுலனின் தாய் அருள்நாயகி, பிறகு பல்கனிக் கூண்டில் லவ்பேட்ஸ். ஆசைக்கு வளர்க்கத் தொடங்கிய குருவிகள் அவை. இப்போது குஞ்சு பொரிக்கவைத்து விற்கலாம் என்று ராகுலன் அவற்றை மலைபோல நம்பியிருந்தான்.

தனுஷியா சுழிபுரத்தில் பிறந்து கலியாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தவள். வந்து ஆறு வருஷம். இன்னும் ஒன்றும் இல்லையோ என்று கேளாத வாய் இல்லை. கோயில் வாசலில் கேட்டார்கள், லிப்டுக்குள் கேட்டார்கள், மீன் வாங்குகிற இடத்திலும் கேட்டார்கள். அதில் ஒருத்தியாவது நீ சாப்பிட்டியா என்று கேட்டிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும். நாள் தள்ளிப்போகிற ஒவ்வொரு முறையும் பார்மசியில் சோதனைக் குச்சியை வாங்கி, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பார்ப்பாள். ஒற்றைக் கோடு. எப்போது பார்த்தாலும் ஒற்றைக் கோடு. கடைசியாகப் பார்த்த அன்று, இனி இந்தச் சனியனைத் தொடவே மாட்டேன் என்று தன் தலையிலேயே அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

குருவிகளுக்குத் தீன் போடுவது அவளுடைய வேலை. தினை கடல் கடந்து வர வேண்டிய சாமான். அதற்குத் தட்டுப்பாடு வர, ராகுலன் அரிசிக் குறுணலைக் கலந்து அளவையும் பாதியாக்கினான். மாற்றத்தை முதலில் கண்டவள் தனுஷியாதான். லவ்பேட்ஸில் ஆண் பெண் பார்ப்பது அலகுக்கு மேலே இருக்கிற மூக்குத் தடிப்பை வைத்து. சேவலுக்கு அது நீலம், முட்டையிடுகிற பேட்டுக்குக் காப்பி நிறம். பாதித் தீனில் சேவல்கள் கொஞ்சம் மெலிந்தன, அவ்வளவுதான். விடிந்ததில் இருந்து பொழுதுபடும்வரை வாய் ஓயாமல் அலட்டிக்கொண்டுதான் இருந்தன. பேடுகளுக்குத்தான் மூக்கு வெளுத்தது. காப்பி நிறம் மங்கி மங்கி நீலம் பாய்ந்த வெள்ளையாகி, ஒரு நாள் பார்த்தால் கூண்டுக்குள் எது சேவல், எது பேடு என்று அவளுக்கே பிடிபடவில்லை. முட்டையும் நின்றுவிட்டது.

நின்றதோடு போயிருந்தால் பரவாயில்லை. கூண்டின் பின்பக்கத்தில் மண்முட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள்தான் பேடுகள் முட்டையிட்டு அடைகிடக்கும். இப்போது முட்டை இல்லாமலே அடைகிடந்தன. தனுஷியா முட்டி வாயில் கண்ணை வைத்துப் பார்ப்பாள். இருட்டுக்குள் ஒரு பேடு செட்டையைக் கொஞ்சம் அகட்டி, கீழே எதையோ மூடி வைத்திருக்கிற மாதிரி இருக்கும். விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெறும் மண். அது கொத்தாது, விலகாது, சும்மா அவளையே பார்க்கும். கடற்கரையோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது சேவல்கள் எல்லாம் ஒரேயடியாக வாயை மூடும். அந்த அமைதியில் முட்டிகளுக்குள் இருந்து ஒரு மூச்சும் கேளாது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். ஆனாலும் எல்லா முட்டியையும் பார்த்து முடிக்காமல் உள்ளே வரமாட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். மாத நாட்களில் பெண்கள் சாமியறைக்குள் போவதில்லை, விளக்கு வைப்பதில்லை. தனுஷியாவுக்கு முடியாத நாட்களில் மாமி அருள்நாயகிதான் விளக்குக் கொளுத்துவார். ஒரு பின்னேரம் மாமி சாமியறை வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, நான் விளக்குக் கொளுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல."

தனுஷியாவுக்குப் பக்கென்றது. அது தெரியாமலா இருந்தாள்? தெரிந்ததை நினைக்கப் பயந்து நினைக்காமல் இருந்தாள். மாமி அதற்குமேல் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் மகனிடம் சொல்லிவிட்டார். ராகுலன் தலைகால் தெரியாமல் வீடு முழுக்க நடந்தான். டொக்டரிடம் போவோமா என்று அவன் கேட்க, மூன்று மாதம் கழியட்டும், கண்ணூறு பொல்லாதது என்று மாமி தடுத்தார். அந்த ஒற்றைக் கோட்டுக்குப் பயந்து தனுஷியா குச்சி வாங்கவில்லை. மாமியும் வாங்கச் சொல்லவில்லை.

பிள்ளை என்ற ஒரு சொல்லுக்கு அந்த வீட்டு அடுப்பு திரும்பின திருப்பத்தைப் பார்க்க வேண்டும்! வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு என்ன விரதம் என்று மாமி எல்லா விரதத்தையும் ஒரே நாளில் முடித்துவைத்தார். முதல் கோப்பைச் சோறு அவளுக்கு. சூடை மீன் அவளுக்கு, முட்டை அவளுக்கு, முருங்கையிலைச் சுண்டல் அவளுக்கு. மாதக்கணக்கில் அவள் வெறும் தேத்தண்ணியோடு படுத்ததைக் காணாத ராகுலன், இப்போது தன் கோப்பையில் இருந்த மீனை எடுத்து அவளுடைய கோப்பையில் வைத்தான். வயிற்றில் இன்னொரு உயிர் இருந்தால்தான் அவளுக்கும் வயிறு இருப்பது சிலருடைய கண்ணுக்குத் தெரிகிறது, என்ன செய்ய? மாமிக்கு அப்போதுதான் விரதம் பிடித்தது. செவ்வாயும் வெள்ளியும் எனக்கு வேண்டாம் பிள்ளை என்று சட்டியை அவள் பக்கம் தள்ளிவிடுவார்.

தனுஷியாவின் கன்னத்தில் சதை வைத்தது. பின்னேரங்களில் கட்டிலில் சரிந்து கிடக்கும்போது தொப்புளுக்குக் கீழே ஏதோ துடித்தது. உள்ளங்கைக்குள் குருவிக்குஞ்சைப் பொத்தி வைத்தால் துடிக்குமே, அப்படி. கையை வைத்தால் நிற்கும், கையை எடுத்தால் மறுபடி துடிக்கும். அவள் அதோடு கதைத்தாள். மொன்ரிசோரிப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதற்குப் பாடினாள். பெயரும் வைத்துவிட்டாள், அதை ராகுலனுக்குக்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த வீட்டில் அதற்கு முந்தி இருந்ததேயில்லை.

ஒரு நாள் ராகுலன் மாளிகாவத்தையில் குருவித்தீன் விற்கிற அலவியிடம் போய், நல்ல தினையும் குருவிகள் கொத்தக் கணவாய் ஓடும் கொண்டுவந்தான். சாப்பிடும்போது அலவி சொன்னதை வாய் நிறையச் சொன்னான். பேடுகளுக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லையாம். தீன் குறைந்தால் சேவல் மெலியும், அதோடு சரி. பேட்டின் உடம்பு அப்படியில்லை. தான் தப்பவேண்டும் என்று முட்டை வருகிற வழியை முதலில் அடைத்துவிடுமாம். வயிறு நிறையப் போட்டால் மூக்குப் பழையபடி காப்பி நிறத்துக்கு வரும், நின்றது தானாகத் திரும்பி வருமாம்.

"நாங்கள் என்னவோ ஏதோ எண்டு பயந்திட்டம். வெறும் பசியாமப்பா" என்று சிரித்தான்.

தனுஷியாவின் கை சோற்றுக்குள் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்க்கையில் மாமி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி உடனே கண்ணைத் திருப்பி, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டா என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவள் விடிந்ததும் பல்கனிக்கு ஓடினாள். அடைகிடந்த பேடுகள் ஒவ்வொன்றாக வெறும் முட்டியை விட்டு வெளியே வந்து தினைக் கோப்பையில் விழுந்தன. மூக்கில் முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு கீறு, பிறகு முழுக்கக் காப்பி நிறம். நிறம் ஏற ஏற அவள் வயிற்றில் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஒரு காலையில் முட்டிக்குள் விரலை விட்டபோது சின்னதாக, சூடாக ஒன்று தட்டுப்பட்டது. ராகுலன் பின்னால் நின்று கைதட்டினான். அவள் கையை உதறி எடுத்தாள், தேள் கொட்டின மாதிரி.

மத்தியானம் அடிவயிற்றில் ஒரு நோவு கண்டது. இடுப்புக் கழன்று விழுகிற மாதிரியான, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பழைய நோவு. கட்டிலில் குப்புறக் கிடந்து, போகாதே, போகாதே என்று வயிற்றில் இருந்ததைக் கெஞ்சினாள். பிறகு யோசித்தாள். சாப்பாட்டால் போகிறது என்றால், சாப்பிடாவிட்டால் நிற்கும்தானே? இந்த யோசனையைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு வருஷம் ஒற்றைக் கோட்டைப் பார்த்தவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த நாளில் இருந்து தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பல்கனிப் பக்கம் போவாள், சோற்றைக் கூண்டுக்குள் கொட்டுவாள், வெறும் கோப்பையோடு வருவாள். துடிப்பு நிற்கவில்லை. மெலிய மெலிய அது கூடியது. அவள் வயிற்றைப் பொத்திக்கொண்டு, அசையாமல், மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருந்தாள்.

மாமி கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? கூண்டுத் தட்டில் காய்ந்து கிடந்த சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தார். ராகுலன் வெளியே போயிருந்தான்.

"பசிக்கேல்லை மாமி. மசக்கையாக்கும்" என்றாள் தனுஷியா.

மாமி கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். தொண்ணூற்றைந்தில் சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த கதையைச் சொன்னார். ஒரு நேரக் கஞ்சியாம். ஆம்பிளைகள் மெலிந்தார்கள், அதோடு சரி. பெண்களில் ஒருத்திக்கும் மாதம் மாதம் வருவது வரவில்லை. ஒருவரும் மற்றவருக்குச் சொல்லவில்லை. ராகுலனுக்கு ஒரு தங்கச்சி வரப்போகிறாள் என்று மாமி நம்பினார். பிறகு நிவாரண அரிசி வந்தது. எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். எல்லாருக்கும் வந்துவிட்டது.

தனுஷியா அவர் முகத்தையே பார்த்தாள். "அப்ப நீங்கள் தெரிஞ்சோ சொன்னனீங்கள்?"

"தெரிஞ்சுதான். சாப்பிடு எண்டால் விரதம் எண்டாய். அவனுக்குக் கண் தெரியேல்லை. எனக்குத் தெரிஞ்சது, ஆனால் என்ர கோப்பையைத் தர மனம் வரேல்லை, ஏன் பொய் சொல்லுவான். பிறகு ஒருநாள் நீ குளிச்சிட்டு வரேக்க உன்ர முள்ளந்தண்டைக் கண்டனான். இந்த வீட்டில பிள்ளை எண்டு சொன்னால்தான் உனக்குச் சோறு வரும் எண்டு எனக்குத் தெரியும்."

தனுஷியாவுக்கு மாமியின் கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும்போல இருந்தது. அது நரம்பு தெரிய வற்றிப்போய்க் கிடந்ததை அப்போதுதான் கண்டாள். ஒரு பிள்ளையைத் தூண்டிலில் குத்தி எனக்குச் சோறு தீத்தியிருக்கிறாள் பாவி என்று நினைத்தாள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"பொய். எனக்குத் துடிச்சது. இப்பவும் துடிக்குது, கையை வைச்சுப் பாருங்கோ."

மாமி கையை வைக்கவில்லை.

"எனக்கும் துடிச்சது, பிள்ளை."

மாமி எழும்பிப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார். பருப்பும் கீரையும் விட்டுக் குழைத்து, ஒரு பிடி திரட்டி, அவளுடைய வாய்க்கு நேரே நீட்டினார். நீட்டிய கையை இறக்கவில்லை. தனுஷியா இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். உள்ளே அது துடித்தது. அவள் விழுங்கினாள்.