கயிற்றை யார் இழுப்பது

வில் செய்கிற சிடுமூஞ்சியாருக்கு அந்தப் பெயரை வைத்தது ஊர் இல்லை, அவருடைய சொந்த அத்தைதான். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவள், "என்னடி இது, நம்மள வெளியே போன்னு சொல்ற மாதிரி முறைக்குது" என்றாளாம். அம்மா வழியில் எல்லாரும் அப்படித்தான். பெரிய மாமா ஒருவர், கேட்ட ஏணியைத் தரவில்லை என்று சம்பந்தி வீட்டு வாசலைச் சாகும்வரை மிதிக்கவில்லை. கைவேலை வந்தது அப்பா வழியில். இவருக்கு இரண்டும் சேர்ந்து வாய்த்தன.

தம்பிக்கு வாய் வாய்க்கவில்லை. அவரை ஊமைக்கோட்டான் என்பார்கள். பேசாமலே எரிச்சல் மூட்டத் தெரிந்தவர்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே பட்டறையில் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். வில்லுக்கு வளைவு பார்ப்பது ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. சுவரில் அடித்த கட்டையில் வில்லைப் படுக்க வைத்து, நாணைக் கயிற்றால் கோத்து, அந்தக் கயிற்றைக் கீழே இருக்கும் கப்பி வழியாக ஒருவர் இழுக்க வேண்டும். இன்னொருவர் எட்டி நின்று பார்க்க வேண்டும். வில்லின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைகின்றனவா, எங்கே விறைத்து நிற்கிறது என்று கண்டு, அந்த இடத்தில் எய்கிறவரைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம் சுரண்ட வேண்டும். அதற்கு எதிரான முதுகுப் பக்கம் கத்தி படக்கூடாது. மரம் பிறவியிலேயே கோணலாக இருந்தால், இழுப்பதற்கு முன்பே அதன் உருவத்தைச் சுண்ணக்கட்டியால் சுவரில் கோடு போட்டு வைத்துக்கொள்வார்கள். கோட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் கணக்கு. கோடு போடுவது தம்பி, சுரண்டுவது அண்ணன்.

வில் வாங்க வந்த ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கை அண்ணனோடதா இருக்கலாம். கண்ணு தம்பியோடது" என்று சிரித்துவிட்டுப் போனார். மறுநாளே பட்டறையின் நடுவில் நெஞ்சு உயரத்துக்குப் பலகைத் தடுப்பு எழுந்தது. கப்பிச் சுவர் அண்ணன் பக்கம் போயிற்று. தம்பி கோடரிப்பிடி செய்து பிழைத்தார். அதற்குப் பிறகு அண்ணன் தேடித் தேடி நேரான மரமாகவே எடுத்தார். நேரான மரத்துக்குக் கோடு தேவைப்படவில்லை.

இந்த நிலையில்தான் வில்வித்தை பழகும் அண்ணன் மகளின் பழைய வில் வெடித்தது. மரவில் எய்கிறவர்களுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. வில் இல்லாதவர்களுக்கு இடமில்லை. பரணில் காய்ந்து தயாராக இருந்தது ஒரே மரம்தான். தடுப்பு எழுவதற்கு முன் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பிளந்த மரத்தில் இவருக்கு வந்த பாதி அது. மேல்கைப் பக்கம் முதுகுப்புறமாகக் கொஞ்சம் வளைந்து வளர்ந்த மரம்.

"உங்க தம்பியக் கோடு போடச் சொல்லலாமேங்க" என்றாள் மனைவி.

"என் சுவத்துல அவன் கை படுறதுக்கு நான் சுவத்த இடிச்சுப்புடுவேன். கயித்தப் பிடி."

அவள் இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்."

"இழுத்துட்டுத்தானே இருக்கேன், கத்தாதீங்க. மனுசின்னு நினைச்சீங்களா, மாடுன்னு நினைச்சீங்களா?"

மேல்கையின் நடுவில் வளையாமல் விறைத்து நிற்பதுபோல் இருந்தது. இறக்கிச் சுரண்டினார். ஏற்றிப் பார்த்தால் அப்படியே நின்றது. மறுபடி சுரண்டினார்.

தடுப்புக்கு மேலே தம்பியின் தலை தெரிந்தது. "அண்ணி, அந்த இடம் பிறவியிலேயே பின்னால வளைஞ்சது. பாக்கத்தான் விறைப்பு. நிறுத்தச் சொல்லுங்க."

"கேட்டியா? என் பொண்ணுக்கு வில்லு அமைஞ்சுடக் கூடாதாம். வயித்தெரிச்சல்!" என்றவர், தம்பி வேண்டாம் என்ற அதே இடத்தில் வேண்டுமென்றே இன்னும் அழுத்தி இரண்டு தடவை சுரண்டினார்.

அடுத்த இழுப்பில் வில் முறிந்தது. கயிற்றோடு பின்னால் போன மனைவி சீவல் குவியலில் உட்கார்ந்தாள்.

"இருக்கேனா செத்தேனான்னு ஒரு வார்த்தை கேக்கல. மரத்தத் தூக்கப் போறார் பாரு!"

அவர் முறிந்த இடத்தைத் தடவினார். மற்ற இடங்களைவிட அங்கே பாதிதான் மிச்சம் இருந்தது. வளையவில்லை என்று நினைத்த இடம்தான் எல்லாவற்றையும்விட அதிகம் வளைந்திருக்கிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம் பிடி தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் குஷியாகக் கேட்டது.

பயிற்சி முடிந்து வந்த மகள் துண்டுகளைப் பார்த்தாள். தடுப்புப் பக்கம் திரும்பினாள்.

"சித்தப்பா, உங்க பாதி இருக்கா?"

"வில்லு மாதிரி செதுக்கியே வச்சிருக்கேன். கப்பிதான் அங்க இருக்கு."

"என் கப்பியில அவன் மரம் ஏறாது" என்றார் அப்பா.

"கப்பி யாரோடதுன்னு திங்கக்கிழமை சண்டை போட்டுக்குங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு வில்லு வேணும்."

தம்பி மரத்தோடு சுற்றிக்கொண்டு வந்தார். அண்ணன் சுவரில், அண்ணன் கண் முன்னால், நிதானமாகக் கோடு போட்டார். கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். மகளுக்குத் தேர்வு முடியும்வரை தோளைக் காக்க வேண்டும்.

"எனக்கு இடுப்பு போச்சு. நீங்களே இழுங்க" என்று மனைவி நகர்ந்துகொண்டாள்.

சிடுமூஞ்சியார் கயிற்றைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், நிறுத்தினார், இறக்கினார். தம்பி சுரண்டினார். வளைவு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"போதும்" என்றார் தம்பி.

போதும் என்ற பிறகும் கயிறு அவர் கையில்தான் இருந்தது. இன்னும் ஒரு சாண் இழுத்தால் இதுவும் முறியும். தம்பி மட்டும் என்ன பெரிய கொம்பன் என்று ஆகிவிடும். அவர் ஒரு விரல்கடை கூடுதலாக இழுத்தார். மரம் முனகியது. தம்பி முகம் வெளுத்தது. மகள் வில்லைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக இறக்கினார்.

"கீழ்க்கை நுனி முரண்டு பிடிக்குது. சுரண்டுடா" என்றார். தடுப்பு வந்த பிறகு தம்பியிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"தெரியும்."

"தெரிஞ்சுகிட்டு என்ன அழகு பாக்குற?"

"நீ கயித்த மட்டும் பிடி."

அதற்குப் பிறகு வேலை முடியும்வரை வாய் ஓயவில்லை. ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு வசவு. ஆனால் கயிறு அதற்கப்புறம் ஒரு நூல்கூடக் கூடுதலாகப் போகவில்லை.

மகள் வில்லை வாங்கி, நாணைக் கன்னம்வரை இழுத்துப் பார்த்து, அம்பில்லாமல் விட்டால் வில் கெடும் என்று நாணை விடாமல் அப்படியே இறக்கினாள். இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைந்தன.

"ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு பேரும் வரக்கூடாது."

"ஏன்?" அண்ணனும் தம்பியும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

"வந்தா அங்கேயும் யாரு கண்ணு, யாரு கைன்னு ஆரம்பிப்பீங்க. எனக்குக் குறி தவறும்."

அவள் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள், தேறினாள். திரும்பி வந்த மனைவி அந்தச் செய்தியைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.