விளக்கு என் கையில் இருந்தது

ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரில் வண்டியில் படம் கொண்டுபோய்க் காட்டும் குழுவில் நான் ஆபரேட்டர். புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. படம் ஆங்கிலத்தில் இருக்கும். மைக்கில் தமிழில் விளக்கம் சொல்வது ஜமாலின் வேலை. பெட்டி தூக்கி முதுகு ஒடிவது எனக்கு, கைதட்டல் அவனுக்கு. வயிறு எரிந்தது. இன்று அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கான காட்சி. வீட்டு வேலை என்று ஆசை காட்டி, கப்பலில் கூட்டிவந்து விற்றுவிடும் கும்பலைப் பற்றிய படம். இலவசம் என்றதும், என்ன படம் என்று தெரியாமல் வந்தவர்களே அதிகம். எங்கள் சூப்பர்வைசர், "ஜமால் இருந்தா போதும் லா, கூட்டம் தானா வரும்" என்றார். என் காதில் விழட்டும் என்றே சொன்னது போலிருந்தது.

எங்களிடம் ஒரே புரொஜெக்டர். முதல் ரீல் முடிந்ததும் மண்டபத்து விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஜமால் சொந்தமாகப் பேசுவான். ஐந்து நிமிட வேலையை இரண்டு நிமிடத்தில் முடித்து விளக்கை அணைத்துவிடுவேன். பாதிப் பேச்சில் அவன் வாயை மூடுவதைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அன்றும் பேசினான். "அக்கா, இது கதை இல்ல. உங்க பாஸ்போர்ட்ட யாராவது பிடுங்கி வச்சிருக்காங்களா? வெளிய போக விடமாட்டேங்கிறாங்களா? இப்பவே சொல்லுங்க, நாங்க இருக்கோம்."

கடைசி வரிசையில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்தாள். பக்கத்திலிருந்த பருத்த அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "அண்ணே, என்னைய..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். நான் ரீலை மாட்டி முடித்திருந்தேன். இதற்கும் அவனுக்குத்தான் பேர் வரப்போகிறது என்று தோன்றியது. விளக்கை அணைத்தேன்.

"விளக்கப் போடுங்கண்ணே!" என்று ஜமால் கத்தினான். தடுமாறிப் போட்டேன். அதற்குள் கடைசி வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. அவன் தெருவுக்கு ஓடினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எந்தப் பச்சைச் சேலையைத் தேடுவது? போலீசில் சொன்னோம். பெயர் கேட்டார்கள், முகவரி கேட்டார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை.

"ஏண்ணே அணைச்சீங்க?" என்று கேட்டான்.

"ரீல் ரெடியாயிடுச்சு" என்றேன். நம்பிவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன்பிறகு அவன் மைக்கைக் கீழே வைக்காமல் நான் சுவிட்சைத் தொட்டதில்லை. பொறாமை மட்டும் போகவில்லை. ஓய்வு பெறும்வரை அவனுக்கு விழுந்த கைதட்டல் என்னைக் குத்திக்கொண்டுதான் இருந்தது. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இப்படிப்பட்ட படத்தை ஓட்டுவது, எழுந்து நிற்கப்போகும் அந்த ஒருத்திக்காக. விளக்கை அணைக்குமுன் கடைசி வரிசையைப் பாருங்கள். நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் அணைத்தேன்.