ரிம்மின் உட்பக்கம்

ஆயர் தாவாரிலிருந்து திரும்பும்போது என் மனைவி காரைக் குழியில் இறக்கிவிட்டாள்; அலாய் ரிம் பிளந்துவிட்டது. ஸ்பேர் டயரை மாட்டிக்கொண்டு, ஈப்போ வரை அவளைத் திட்டியபடியே வந்தேன்.

பழைய ரிம் விற்கும் கடைக்காரர், "நாலையும் மாத்த வேணாம்ணே. இதே மாதிரி செகண்ட் ஹேண்ட் ஒண்ணு போதும்லா," என்றார். பிறகு உடைந்த ரிம்மின் உட்பக்கத்தைத் தடவினார். "அக்கா, தப்பு உங்க மேல இல்ல. இது முன்னமே வெல்டிங் வச்சது. அங்கதான் விட்டிருக்கு."

போன தைப்பூசத்தில் சாலையோரத் திண்டில் காரை மோதி, மலிவாக ஒட்டவைத்து மறைத்தவன் நான்தான். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர், "முன்ன வச்சிருந்தவங்க செஞ்சிருப்பாங்க," என்று காப்பாற்றப் பார்த்தார்.

"காரைப் புதுசாத்தானே எடுத்தோம்?" என்றாள் மனைவி.

ஒப்புக்கொண்டேன். வீடு வரை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.